ஜோதிலட்சுமியின் சின்னப் பெட்டிகள்

திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கிறது. உள்ளே இரண்டு நட்சத்திரங்களின் பெயர்கள்: ரோகிணி, அனுஷம். தமிழில் அடித்தால் கேள்விக்குறியாகக் கொட்டும் என்பதால் ஆங்கில எழுத்தில். ஜோதிலட்சுமி கன்னத்தில் கை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ரோகிணிக்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மாடி வீடு கொடுக்கிறாள். அனுஷத்துக்கு மொட்டைமாடியில் நாலு ரோஜாத் தொட்டி. திரைச்சீலை நீலமா பச்சையா என்று இருவருக்கும் ஒரு சண்டையும் மூட்டிவிட்டு, அப்புறம்தான் ஓகே அழுத்துகிறாள். அடுத்த பெட்டி வருகிறது.

சேலையூர் கேம்ப் ரோட்டில் மருந்துக் கடைக்கு மேலே இருக்கிறது வேதாசலத்தின் திருமணத் தகவல் நிலையம். அங்கே கம்ப்யூட்டர் என்றால் ஜோதிதான். எக்செலில் ‘பொருத்தம்’ என்று ஒரு ஃபங்ஷனைச் சொந்தமாக எழுதி வைத்திருக்கிறாள். இரண்டு நட்சத்திரங்களைக் கொடுத்தால் பத்துக்கு எத்தனை தேறும் என்று சொல்லிவிடும். அது தகராறு செய்தால், உள்ளே போனது என்ன என்று பார்ப்பதற்காக, வாங்கிக்கொண்ட பெயர்களைப் பெட்டியில் காட்டச் சொல்லி ஒரு வரி சேர்ப்பாள். கோளாறு தீர்ந்ததும் அந்த வரியை எடுத்துவிடுவதுதான் உலக வழக்கம். நம் ஜோதி எடுக்கமாட்டாள். பெட்டி நிற்கும்வரை கணக்கும் நிற்கும். அந்த நேரத்தில் யாருக்கும் பொருத்தம் இல்லாமல் போவதில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

“இன்னாம்மா இது, ஒவ்வொண்ணுக்கும் டபக்கு டபக்குன்னு வந்து நிக்குது?” என்று வேதாசலம் அலுத்துக்கொள்வார்.

“உள்ள என்ன போச்சுன்னு முதல்ல பாக்கணும் சார். வெளிய வர்றத அப்புறம் திட்டிக்கலாம்” என்பாள்.

இந்தப் புத்தி அவளைத் தெருவிலும் விடாது. டீக்கடையில் சர்க்கரை கம்மியாக ஒரு டீ சொல்லிவிட்டு, “நான் என்ன கேட்டேன், சொல்லுங்கண்ணா?” என்று திருப்பிக் கேட்பாள். ஷேர் ஆட்டோக்காரரும் எந்த ஸ்டாப் என்று ஒப்பித்த பிறகுதான் வண்டியை எடுக்க முடியும். இவ்வளவு உஷாரான பெண் ஒரே ஒருவரிடம் எதையும் திருப்பிக் கேட்கவில்லை.

அவர் அருண்ராஜ். சிறுசேரியில் வேலை. அம்மாவோடு வந்து பதிந்துவிட்டுப் போனவர், அப்புறம் போட்டோ மாற்ற வேண்டும், போன் நம்பர் மாற்ற வேண்டும் என்று தனியாகவே வர ஆரம்பித்தார். ஒருநாள் மானிட்டரைப் பார்த்தபடி, “உங்க ஜாதகமும் இதுக்குள்ள இருக்குங்களா?” என்றார். ஜோதிக்குக் காது மடல் சுட்டது. அவர் வரிசையில் தன் நட்சத்திரத்தை அடித்தாள். பெட்டி வந்தது: மகம், சித்திரை. அதற்குள் அவள் எத்தனை வீடு கட்டினாளோ, ஓகே அழுத்தவே மனம் வரவில்லை. அழுத்தினாள். பத்துக்கு மூன்று.

“பொருந்தலைங்க” என்றாள்.

“சரிங்க” என்று அவர் எழுந்து போய்விட்டார். ஜோதி அந்த வரிசையை அழிக்கவில்லை. போன வாரம் அவர் அம்மா போன் செய்து, இந்த ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டில் பெண் பார்க்கப் போவதாகச் சொன்னார். “நல்லதுங்கம்மா” என்று ஜோதி போனை வைத்தாள். அன்று முழுக்க எந்தப் பெட்டிக்குள்ளும் அவளால் ஒரு குடிசைகூடக் கட்ட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பம்மலிலிருந்து எல்லம்மா வந்தார். மீன் விற்கிறவர், மகனுக்குப் பெண் தேடுகிறார். படியேறும்போதே குரல் முன்னால் வந்தது.

“இன்னா மிசினு வச்சிகினு கீற நீ? நாலு பொருத்தம்தான் கீதுன்னு சீட்டு குடுத்துட்ட. எங்க ஜோசியரு விரல் வுட்டு எண்ணிட்டு எட்டு கீதுன்றாரு. எம்புள்ள மூணு நாளா சோறு துன்னாம கெடக்குறான்மா, பேஜாரா பூட்ச்சு!”

“உக்காருங்கக்கா. உள்ள என்ன போச்சுன்னு பாத்துடறேன்” என்றாள் ஜோதி. இந்தத் தடவை பெட்டியில் வெறும் பெயர்களை மட்டும் காட்டாமல், முன்னால் ‘பெண்’, ‘ஆண்’ என்றும் சேர்த்துக் காட்டும்படி வரியை மாற்றினாள். பெட்டி வந்தது. பெண்: திருவாதிரை. ஆண்: உத்திரம்.

“ஐயோ, என் புள்ளதான் திருவாதர! அவன எப்போ பொண்ணாக்குன நீ?” என்றார் எல்லம்மா.

பொருத்தம் எப்போதும் பெண்ணின் நட்சத்திரத்திலிருந்துதான் எண்ண வேண்டும். ஜோதியின் ஃபங்ஷனும் முதலில் வருவதைப் பெண் என்று எடுத்துக்கொண்டது. ஆனால் நிலையத்தின் பட்டியலில் தேடி வந்தவர் பெயர்தான் முதலில் இருக்கும். பெண் வீட்டார் வந்தால் கணக்கு சரி. பிள்ளை வீட்டார் வந்தால் அத்தனையும் தலைகீழ். இவ்வளவு நாளும் பெட்டிக்குள் வீடு கட்டி விளையாடினாளே தவிர, யார் பெண், யார் ஆண் என்று பாவி ஒருநாளும் பார்க்கவில்லை.

ஃபங்ஷனைத் திருத்தினாள். எல்லம்மாவுக்கு எட்டு வந்தது. “நல்லா இருப்ப தாயீ” என்று ஜோதியின் கன்னத்தை வழித்துவிட்டுப் போனார். மீன் வாசனை கன்னத்திலேயே தங்கியது.

“மத்தவங்களுக்கு இன்னாம்மா சொல்றது?” வேதாசலத்துக்கு வியர்த்துவிட்டது.

“தப்பா எண்ணிட்டோம்னுதான் சொல்லணும் சார். எல்லாருக்கும் நானே பேசறேன்.”

பிள்ளை வீட்டார் வரிசைகள் ஒவ்வொன்றாக மறுபடி கணக்குக்கு வந்தன. பெட்டி, ஓகே, பெட்டி, ஓகே. அப்புறம் அது வந்தது.

பெண்: சித்திரை. ஆண்: மகம்.

வெளியே கேம்ப் ரோட்டு ஹாரன் சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல இருந்தது அவளுக்கு. மூன்றுக்கும் மேலே வரலாம். அதைவிடக் குறைந்தும் தொலையலாம். ஞாயிறுக்கு நடுவில் சனி ஒன்றுதான் பாக்கி. போனை எடுத்தாள். அருண்ராஜின் நம்பரை அவள் எங்கும் தேடவில்லை. விரல் தானாகவே அடித்தது.

“ஓகே குடும்மா, எத்தினின்னு பாத்துட்டுப் பேசு” என்றார் வேதாசலம், கீபோர்டுப் பக்கம் கையை நீட்டியபடி.

எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. ஜோதிலட்சுமி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, முழங்காலால் கீபோர்டுப் பலகையை மேஜைக்கு அடியில் தள்ளி மூடினாள்.