பதினைந்து மீற்றர் கேபிளும் ஒரு ஈரப் பெட்ஷீட்டும்

கையில் அன்டெனாவைத் தூக்கிப் பிடித்து, தலைக்கு மேல் சுற்றும் செய்மதியை வானொலியில் கேட்கிற பைத்தியம் கொழும்பில் எத்தனை பேருக்கு இருக்கிறதோ தெரியாது. இருந்தால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஒரு கட்டு அலுமினியக் கம்பியோடு போய், முழுசாகத் திரும்பி வந்திருக்கிறேன். பத்துக் கிலோமீற்றர்தான். யுத்த காலத்தில் அது போதும், நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது.

ஏன் போனேன் என்றால் சேவியர் அண்ணைக்காக. துறைமுகத்தில் கிளார்க். அமெச்சூர் வானொலி அனுமதிக்கு விண்ணப்பம் போட்டு, விசாரணைக்கு மேல் விசாரணை நடந்து, பத்திரம் கைக்கு வர இரண்டரை வருடம் பிடித்தது. ஒரு வருட அனுமதி. அந்த வருடம் இந்த மாதத்தோடு முடிகிறது. இவ்வளவு நாளில் செய்மதி வழியாக ஒரு மனிதரோடுகூட அவர் கதைக்கவில்லை. வெறும் இரைச்சல்தான்.

வியாழக்கிழமை போன் எடுத்தார். "டீச்சர், ஞாயிறு கடைசித் தடவை. கேக்காட்டி நான் புதுப்பிக்கமாட்டன். பத்திரத்தைத் திருப்பிக் குடுக்கிறன் எண்டு கடிதமும் டைப் பண்ணி வச்சிட்டன்."

எனக்குக் கோபம் வந்தது. இந்த நாட்களில் எங்கள் ஆட்களுக்குக் கிடைத்த அப்படியொரு பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தால் பிறகு கனவில்தான் பார்க்கலாம். நான் பௌதிகவியல் டியூசன் கொடுப்பவள். அதே அனுமதி என்னிடமும் இருக்கிறது. அதே செய்மதி என் ஃபிளாட் மாடியில் நன்றாகக் கேட்கிறது. ஆக, பழுது ஆகாயத்தில் இல்லை, கொட்டாஞ்சேனையில் இருக்கிறது. "வாறன், ஒண்டையும் கிழிச்சுப் போடாதேங்கோ" என்றேன்.

இனி என் கெட்டித்தனத்தைக் கேளுங்கள். ஒத்துப் பார்க்க எடுத்த என் அன்டெனா ஒரு முழ அகலம், மீன் முள் மாதிரி இரண்டு பக்கமும் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதோடு பஸ் ஏறினால் யார் என்ன நினைப்பார்களோ என்று கம்பிகளைக் கழற்றி, ஒரு பாய்க்குள் வைத்துச் சுருட்டி, சணல் கயிற்றால் கட்டினேன். ஒன்பதரைக்குக் காலி வீதியில் புறக்கோட்டை பஸ் ஏறினேன். டிக்கெட் பதினெட்டு ரூபாய். செய்மதி மேலே வருவது பன்னிரண்டு பதினெட்டுக்கு. நேரம் தாராளம் என்று ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

கொள்ளுப்பிட்டி தாண்டியதும் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டை பார்த்த பொலிஸ்காரப் பெண் என் பாயைத் தட்டினாள். கிணுங் என்றது.

"மே மொகக்த?"

என்ன இது என்கிறாள். அன்டெனா என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லி, அனுமதிப் பத்திரத்தை நீட்டினேன். அவள் வாசித்தாள். பிறகு, அப்படியென்றால் ஏன் பாய்க்குள் என்று கேட்டாள்.

அன்டெனாவுக்குப் பத்திரம் இருந்தது. பாய்க்கு இருக்கவில்லை.

பஸ் போய்விட்டது. என்னை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, கம்பிகளை மேசையில் வரிசையாக அடுக்கி, யாருக்கோ போன் எடுத்தார்கள். ஐம்பது நிமிடம். என்னை உள்ளே போட்டால் வீட்டுக்கு யார் சொல்வார்கள், திங்கட்கிழமை வகுப்புப் பிள்ளைகளுக்கு யார் சொல்வார்கள் என்று என்னவெல்லாமோ ஓடியது. கடைசியில் ஒரு அதிகாரி வந்து பத்திரத்தைத் திருப்பித் தந்தார். "கையில பிடிச்சுக்கொண்டு வந்திருந்தா ரீவி அன்டெனா எண்டு விட்டிருப்பம், மிஸ்" என்று சிங்களத்தில் சொன்னார். அடுத்த பஸ் பிடித்தேன். புறக்கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு திரீவீல்காரர் நூற்றைம்பது கேட்டார். பேரம் பேசுகிற நிலையில் நான் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று ஐம்பது. சேவியர் அண்ணை தன் ஏற்பாட்டைப் பெருமையாகக் காட்டினார். ஐயோ, அந்தக் கோலத்தை என்ன சொல்ல! ரேடியோ கீழே குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், கதவு சாத்தி. தான் கதைப்பது அக்கம்பக்கத்துக்குக் கேட்கக்கூடாதாம். அதிலிருந்து மெல்லிய கறுப்புக் கேபிள் படியேறி, இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டு, மொட்டைமாடிக்குப் போகிறது. பதினைந்து மீற்றர். அங்கே அவருடைய மனைவி ரோசலின் அக்கா உடுப்புக் காயப்போடுவது போல நின்று, அன்டெனாவைக் கையில் பிடித்துத் திருப்புவார். அன்டெனா யாருக்கும் தெரியாமல் இருக்க அதன் மேல் ஈரப் பெட்ஷீட். கீழேயிருந்து அண்ணை "சட்டையைக் கொஞ்சம் வடக்கால போடும்!" என்று கத்தினால் அக்கா வடக்கே திருப்ப வேண்டும்.

ஒரு வருடம் இப்படித்தான் நடந்திருக்கிறது. சிரிக்கத் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை. பிறகு என் பாய் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

செய்மதியிலிருந்து வருவது ஒரு சின்ன டோர்ச் பல்ப் அளவு சக்தி. அதில் எங்கள் அன்டெனா வரை வந்து சேர்வதே துளி. அந்த மெல்லிய கேபிளில் பதினைந்து மீற்றர் போனால் நான்கில் மூன்று பங்கு வழியிலேயே போய்விடும். ஒட்டுகள் இன்னும் கொஞ்சம் தின்னும். ஈரத் துணி மிச்சத்தைக் குடிக்கும். ரேடியோவுக்கு என்ன மிஞ்சும்?

"அண்ணை, ரேடியோவைத் தூக்கிக்கொண்டு மேல வாங்கோ" என்றேன். என் பையில் முக்கால் மீற்றர் கேபிள் இருந்தது; அன்டெனாவுக்கு அவர்களுடையதே போதும்.

"வெளியிலயோ? ஆக்கள் பாப்பினம், டீச்சர்."

ரோசலின் அக்கா பெட்ஷீட்டை உருவி வாளிக்குள் எறிந்தார். "ஏன் ஒரே பெட்ஷீட்டை நாளுக்கு நாலு தரம் காயப்போடுறன் எண்டு முன்வீட்டுக்காரி இப்பவே கேக்கிறா. இனி என்ன பாக்க இருக்கு? வாங்கோ மேல."

பன்னிரண்டு பதினெட்டு. வெறும் இரைச்சல். பத்தொன்பது. இரைச்சல். அண்ணையின் சட்டைப் பையில் அந்தக் கடிதம் மடித்து இருந்தது, நான் பார்த்தேன். "அக்கா, மணிக்கட்டைத் திருப்புங்கோ, பூட்டுத் திறக்கிற மாதிரி" என்றேன். செய்மதி உருண்டுகொண்டே போவதால் கம்பியின் சாய்வு பொருந்தாவிட்டாலும் சத்தம் போய்விடும். அக்கா திருப்பினார். இரைச்சல் படாரென்று அடங்கி, கேரளப் பக்கத்து ஆங்கிலத்தில் ஒரு மனிதக் குரல், பக்கத்து அறையில் நின்று பேசுகிற தெளிவில் வந்தது.

அண்ணை தன் அழைப்பெழுத்துகளைச் சொன்னார்.   பிறகு அந்தக் குரல் அவருடைய எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி, கொழும்பு நன்றாகக் கேட்கிறது என்றது.

அண்ணை வாயைத் திறந்தபடி நின்றார். "கதையுங்கோவன்! என்ர கை நோகுது!" என்று அக்கா கத்தினார். மனிதர் அழுதுகொண்டே கதைத்தார். நான் தண்ணீர்த் தாங்கியில் சாய்ந்து அப்படியே குந்திவிட்டேன். 

திரும்பி வரும்போது என் அன்டெனாவைக் கம்பிகளோடு முழுசாகப் பூட்டிக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தேன். பாயை அக்காவுக்கே கொடுத்துவிட்டேன். எதிர்ப்பக்கம் சோதனைக்கு இறக்கியபோது அதே பொலிஸ்காரப் பெண். கேட்டதா என்று சைகையில் காதைத் தொட்டுக் காட்டினாள். ஓம் என்று தலையாட்டினேன். போகச் சொன்னாள்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கேபிள் ஒரு மீற்றருக்கு மேல் வேண்டாம், ஒட்டு வேண்டவே வேண்டாம், ரேடியோவும் அன்டெனாவும் ஒரே ஆளின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பத்திரத்தின் அசலும் ஒரு பிரதியும் வெவ்வேறு இடத்தில் வையுங்கள். வழியில் ஒரு மணித்தியாலம் கூடுதலாகப் போட்டுக் கிளம்புங்கள். பயப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், நானே பயந்தவள். ஆனால் அண்ணையின் ஒரு வருடத்தையும் என் ஐம்பது நிமிடத்தையும் தின்றது ஒளித்து வைத்ததுதான்.

நேற்று அண்ணை போன் எடுத்தார். கடிதத்தைக் கிழித்துவிட்டாராம், புதுப்பிக்கிற விண்ணப்பம் நிரப்பியாயிற்றாம். வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தேன், ரோசலின் அக்கா போனைப் பறித்துவிட்டார்.

"டீச்சர், இன்னொரு ஃபோர்ம் எங்க எடுக்கலாம்? ஒரு வருஷம் அன்டெனாவைப் பிடிச்சது நான், பத்திரம் மட்டும் அவருக்கோ?"