தம்பி தூக்கிய ஹெலிகாப்டர்

காயலில் ஒரு ஹெலிகாப்டர் இறங்கிவிட்டது என்று கேள்விப்பட்டால், உள்ளே இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்றுதான் மனுஷன் முதலில் கேட்க வேண்டும். நான் கேட்டது, அதைத் தூக்க யாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று. உதியன்குளங்கரையில் இருபது வருடமாகக் கிரேன் வைத்திருக்கிறவன் நான். அவர்கள் கூப்பிட்டது என் தம்பியை.

உள்ளே இருந்த நான்கு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பறக்கும்போது என்ஜின் கோளாறாகி, விமானி சாமர்த்தியமாகத் தண்ணீரில் இறக்கிவிட்டார். அடியில் இருந்த மஞ்சள் மிதவைகள் விரிந்து தாங்கிக்கொண்டன. ஆட்களை வள்ளத்தில் ஏற்றிய பிறகு ஒரு மிதவையில் காற்று இறங்கி, ஹெலிகாப்டர் சாய்ந்து, பாதிவரை தண்ணீர் புகுந்துவிட்டது. மீன்பிடிக்கிறவர்கள் கயிறு கட்டி மெல்ல இழுத்து, திருப்புறம் பக்கத்துக் கரையோரம் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

தம்பி என்னுடைய கிரேனில்தான் தொழில் பழகினான். பிறகு வளைகுடாவுக்குப் போய் ஏழு வருடம் இருந்துவிட்டு, கை நிறைய சர்டிபிகேட்டுகளோடு திரும்பி வந்து, என்னுடையதைவிட மூன்று மடங்கு பெரிய கிரேன் ஒன்றை எடுத்தான். அன்று தொடங்கிய வயிற்றெரிச்சல் எனக்கு. ஞாயிற்றுக்கிழமை சபையில் கண்ணை மூடி ஜெபிக்கும்போதுகூட, முன் வரிசையில் அவன் பிடரி தெரிந்துவிட்டால் ஜெபம் பாதியில் நின்றுவிடும். கண்ணை மூடினவனுக்குப் பிடரி எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். நான் அதற்காகவே கண்ணைத் திறப்பவன்.

ஹெலிகாப்டரைத் தூக்குகிற அன்று காலையில் அவனே போன் செய்தான். "அண்ணனும் வரணும். அண்ணன் பக்கத்துல நின்னா எனக்கு ஒரு தைரியமாக்கும்" என்றான். என் பவுசை வந்து பார் என்றுதான் என் காதில் விழுந்தது. போகாவிட்டால் பொறாமை என்பார்களே என்று போனேன்.

கரையில் ஊரே திரண்டிருந்தது. ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். கம்பெனி என்ஜினியர்கள் படகில் போய் மேலே சுற்றுகிற இறக்கைகளை முன்பே கழற்றியிருந்தார்கள். தூக்கும்போது ஹெலிகாப்டர் சுழன்றுவிடாமல் அதன் வாலில் கட்டிய கயிற்றைக் கரையில் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இருபது வருட அனுபவத்துக்குக் கிடைத்த வேலை அது.

கயிற்றோடு நின்றபோதுதான் கிரேன் நிற்கிற இடத்தைக் கவனித்தேன். பாரம் தூக்கும்போது கிரேன் சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் நீட்டி ஊன்றுகிற நான்கு கால்களுக்கும் அடியில் கனமான இரும்புத் தகடு வைத்திருந்தான். மூன்று கால்கள் நல்ல தரையில் இருந்தன. தண்ணீர்ப் பக்கத்துக் கால் மட்டும் ஒரு பச்சைப் புல்திட்டில் ஊன்றியிருந்தது. அந்தத் திட்டை எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் அது கயிறு திரிக்கத் தேங்காய் மட்டையை அழுகப்போடுகிற குழி. மேலே மணலைப் போட்டு மூடிவிட்டார்கள், புல் முளைத்துவிட்டது. தம்பி வெளிநாட்டில் இருந்தபோது ஒரு படகைத் தூக்க வந்து, என் கிரேனின் கால் அதே இடத்தில் புதைந்து, நான் குதித்துத் தப்பினேன். அவனிடம் சொல்ல வெட்கப்பட்டு, போனில் இங்கே எல்லாம் ஜோராக நடக்கிறது என்று அளந்துவிட்டேன்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு அடி எடுத்தும் வைத்தேன். அப்போது எங்கள் சபைக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம், "தம்பியாக்கும் ஆளு. அண்ணன் சும்மா ஒத்தாசைக்கு வந்தது" என்றார். நான் திரும்பி வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

தகடு கனமானதுதானே, அத்தனை சர்டிபிகேட் வாங்கியவனுக்குத் தரை பார்க்கத் தெரியாதா என்றெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொன்னேன். எல்லாம் பொய். அவனுக்கு ஆபத்து வர வேண்டும் என்று நினைக்கவில்லை. கால் ஒரு சாண் புதைய வேண்டும், இத்தனை போன்களுக்கு முன்னால் அவன் முகம் சுருங்க வேண்டும். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

ஹெலிகாப்டர் மெல்ல எழும்பியது. வயிறு தண்ணீருக்கு மேலே வந்ததும், உள்ளே இருக்கிற தண்ணீர் வடியட்டும் என்று என்ஜினியர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கதவு வழியாகத் தண்ணீர் கொட்டியது, கூட்டம் வாயைப் பிளந்து பார்த்தது. நான் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தகட்டின் ஒரு ஓரம் தாழ்ந்தது. புல்லுக்கு அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் கொப்பளித்தது. ஒரு சாண் இறங்கியது. நான் கேட்ட அளவோடு அது நிற்கவில்லை. கிரேன் மொத்தமும் முனகிக்கொண்டு தண்ணீர்ப் பக்கமாகச் சாய, கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் தம்பி எல்லோரையும்போல ஹெலிகாப்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். கயிற்றை விட்டுவிட்டு ஓடினேன்.

"எலே, எறக்கு. எறக்குலே மக்கா, கால் போவுது."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. உடனே இறக்கினான். ஹெலிகாப்டர் தண்ணீரில் உட்கார்ந்தது, பாரம் குறைந்தது, கிரேன் நின்றது. 

பிறகு கிரேனைப் பின்னால் எடுத்து, பாறைத் தரையில் நிறுத்தி மறுபடி தூக்கினார்கள். மதியத்துக்குள் ஹெலிகாப்டர் கரைக்கு வந்தது. உப்பு அரித்துவிடாமல் இருக்க லாரியில் கொண்டுவந்த நல்ல தண்ணீரால் அதைக் கழுவினார்கள். சத்தம் போட்டது யார் என்று என்ஜினியர் விசாரித்தார். தம்பி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

"எல்லாரும் ஹெலிகாப்டரப் பாத்துட்டு நின்னப்போ, எங்க அண்ணன் மட்டுமாக்கும் காலப் பாத்துட்டு நின்னது."

என்ஜினியர் என் கையைக் குலுக்கினார். போன்கள் எல்லாம் என் பக்கம் திரும்பின. காலையிலிருந்து நான் ஏங்கியது அதற்குத்தான். எங்கே போய் ஒளிவது என்று தெரியாமல் நின்றேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது, அங்கே பார்க்க வேண்டும் என்று அண்ணனுக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டான். பழக்கம் என்றேன். நம்பிவிட்டான்.

இப்போது பாறசாலை, அதியன்னூர் என்று எங்கே வேலை வந்தாலும் முதல் போன் எனக்குத்தான். "அண்ணன் வந்து தரையப் பாத்தாத்தான் நான் தூக்குவேன்" என்கிறான். நான் போகிறேன். நான்கு கால்களுக்கும் அடியில் மண்டியிட்டு, கையால் குத்தித் தரையைப் பார்க்கிறேன். அவன் கிரேனுக்குள் உட்கார்ந்திருக்கிறான். ஒரு தடவைகூடக் கீழே எட்டிப் பார்ப்பதில்லை. நான் கையைத் தூக்கினால் போதும், பாரத்தை எடுத்துவிடுகிறான்.