பாதி வழியில் தொங்கிய பை

என் டயரியில், தடின்ஜுட் விளக்குத் திருநாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்: "மாலை. கயிற்று மணி அடித்தது. பை. பிரிக்கவில்லை. இது அவன் வேலைதான்."

எழுதி இரண்டு வருடம் ஆகப்போகிறது. அந்தக் கடைசி வாக்கியத்தைப் பார்க்கும்போதெல்லாம் அடித்துவிடலாமா என்று தோன்றும். எழுதியதை அடிக்கிற வழக்கம் எனக்கு இல்லாததால் அப்படியே விட்டிருக்கிறேன்.

நாங்கள் இருப்பது யாங்கோனில், மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில், ரயில் சத்தம் கேட்கிற ஒரு தெருவில், நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது. இந்த ஊர் மாடி வீடுகளைப் பார்க்காதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீட்டு பால்கனியிலிருந்தும் தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கீழ் முனையில் கிளிப், மேல் முனையில் ஒரு சின்ன மணி. பேப்பர்காரர், பால்காரர், சாப்பாட்டுக் கடைக்காரர் எல்லோரும் சாமானைக் கிளிப்பில் மாட்டி ஓர் இழுப்பு இழுப்பார்கள். மேலே மணி அடிக்கும், நாம் தூக்கிக்கொள்வோம். தூக்கியதும் கயிற்றை உடனே கீழே விட்டுவிட வேண்டும். வந்ததைப் பிரிக்காமல் அப்படியே இறக்கினால், 'இனிமேல் உன் சகவாசம் வேண்டாம்' என்று அர்த்தம். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு அப்போது உடம்பு மிகவும் கனத்துப்போயிருந்தது. சர்க்கரை, முழங்கால் வலி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது என்று எல்லாம் சேர்ந்துகொண்டன. டாக்டர்கள் பேசி, நானும் கிடைத்ததையெல்லாம் படித்துப் பார்த்து, இரைப்பையின் பெரும் பகுதியை வெட்டி எடுக்கிற ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன். அதற்கு முன்னால் இரண்டு வாரம் தண்ணீர் ஆகாரம் மட்டும்தான். அப்போதுதான் இரைப்பையை மறைத்துக்கொண்டிருக்கிற கல்லீரல் சுருங்குமாம். "துளை போட்டு உள்ளே பார்ப்போம். கல்லீரல் பெரிதாகவே இருந்தால் ஒன்றும் செய்யாமல் மூடிவிட்டு வந்துவிடுவோம்" என்று சர்ஜன் பர்மியத்தில் நிதானமாகச் சொன்னார். என்னை பயமுறுத்தியது கத்தி இல்லை, அந்த 'ஒன்றும் செய்யாமல்' என்கிற வார்த்தைதான்.

சாப்பாட்டு முறை சொல்லிக்கொடுத்த பர்மியப் பெண்மணி இன்னொன்றும் சொன்னார். பசி வந்தால் உடனே நம்பாதீர்கள், முதலில் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள், அதற்கே போய்விட்டால் அது பசி இல்லை என்றார். எனக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. பசியை நம்பாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். சிக்கல் என்னவென்றால், அதோடு சேர்த்து மனிதர்களையும் நம்பாமல் போனேன்.

ஆபரேஷன் விஷயத்தை வெளியே யாரிடமும் சொல்லவில்லை. 'வாயைக் கட்ட முடியாதவன் வயிற்றை வெட்டிக்கொள்கிறான்' என்று கோயிலில் பேசுவார்களே என்ற கூச்சம். என் மனைவி தன் தம்பியிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அவன் லான்மடாவில் கடை வைத்திருக்கிறான். எதையும் கேலியாகவே பேசுவான். கேள்விப்பட்டதும் வந்து, "பசிக்குப் பயந்து வயித்தையே வெட்டுறீங்க அத்தான். தலைவலி வந்தா என்ன செய்றதா உத்தேசம்?" என்றான். மனைவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

முதல் சில நாட்கள் சகிக்க முடியவில்லை. தலை இடித்தது. குளிக்கிற சோப்பில்கூடத் தேங்காய்ப்பால் வாசனை அடித்தது. கவனத்தைத் திருப்பலாம் என்று பழைய பயணப் புத்தகங்களை எடுத்தால், எழுதியவர்கள் எல்லோரும் ஊரைப் பார்த்ததைவிட அதிகம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மனைவி பின்பக்கப் படிக்கட்டில் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவாள். வந்ததும் அவள் முடியில் வெங்காய வாசனை இருக்கிறதா என்று மூக்கை நீட்டுவேன். அவள் ஒருநாள், "இப்படி மோந்து பாக்கறதுக்கு நீங்க போலீஸ் நாயாப் பொறந்திருக்கலாம்" என்றாள்.

எதிர்ச்சாரியில் ஒரு பாயின் பலாத்தாக் கடை இருக்கிறது, நம் பரோட்டாதான் இங்கே பலாத்தா. எங்களைப்போலவே தமிழ் பேசுகிறவர், அவருடைய பாட்டனார் காலத்தில் கடற்கரை ஊர்ப்பக்கமிருந்து வந்த குடும்பம். சுமார் இருபது வருடமாக அங்கேதான் என் மாலைப் பலகாரம். விரதம் ஆரம்பித்த நாளிலிருந்து நான் அந்தப் பக்கமே போகவில்லை. வாசனைக்குப் பயந்து, பின் சந்து வழியாகச் சுற்றிப் போய் வந்துகொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை மணி அடித்தது. நாங்கள் எதுவும் சொல்லியனுப்பவில்லை. தூக்கிப் பார்த்தால் ஒரு பை. பிரிக்கத் தேவையே இல்லை, வாசனையும் கனமுமே சொல்லிவிட்டன. சுடச்சுட பலாத்தா, ஆட்டுக்கறிக் குழம்பு, தனியாக நறுக்கிய வெங்காயம். நான் பாய் கடையில் எப்போதும் வாங்குவது இதுதான், இதே அளவுதான். எட்டிப் பார்த்தேன். கீழ்க்கடையின் தார்ப்பாய் நீட்டிக்கொண்டிருந்ததால், கயிற்றை யார் இழுத்தார்கள் என்று தெரியவில்லை. என் பலகாரம் என்ன என்று அறிந்தவன், நான் விரதத்தில் இருப்பதும் அறிந்தவன், அதைக் கேலி செய்தவன், மூன்றும் ஒரே ஆள்தான். மைத்துனன் வாங்கி மாட்டிவிட்டுப் போயிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். பையைப் பிரிக்காமல் இறக்கிவிட்டேன்.

சனிக்கிழமை மறுபடி மணி. ஞாயிறும். அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற சில நிமிடங்களை நான் மறக்க மாட்டேன். என் ஆபரேஷன், அதற்குப் பிறகு நான் எதிர்பார்த்திருந்த வாழ்க்கை, எல்லாம் அந்தப் பையின் முடிச்சை நான் அவிழ்க்காமல் இருப்பதில்தான் இருந்தன. மூன்று தடவையும் இறக்கினேன். நான்காவது முறையும் பை வந்தபோது அதை இறக்கிவிட்டு மைத்துனனுக்கு போன் செய்து, இனிமேல் என் கயிற்றுப் பக்கம் வராதே என்று சொன்னேன்.

"கயிறா? அத்தான், பசி உங்க தலைக்கு ஏறிடுச்சு. அக்காகிட்ட போனைக் குடுங்க."

கொடுக்கவில்லை. நான் பேசிய மற்றதை இங்கே எழுத வேண்டாம். அதோடு அவன் வருவது நின்றது. பையும் வருவது நின்றது. இரண்டும் ஒரே நேரத்தில் நின்றதை என் கணிப்புக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். சந்தேகப்படுகிறவனுக்குச் சாட்சி கிடைக்காமல் போவதே இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. கல்லீரல் சுருங்கியிருந்ததாம். வீட்டுக்கு அனுப்பும்போது அதே பெண்மணி வந்து உட்கார்ந்து, பசியைத் தூண்டுகிற சுரப்பு பெரும்பாலும் வெட்டியெடுத்த பகுதியில்தான் ஊறுகிறது, அதனால் கொஞ்ச காலத்துக்குப் பசியே தெரியாமல் போகலாம் என்றார். "பசியை நம்பாதீர்கள் என்று முன்னே சொன்னேன். இப்போது அது வராமல் இருப்பதையும் நம்பாதீர்கள். நேரம் பார்த்துக் குடியுங்கள்."

நேரம் பார்ப்பது எனக்கு விளையாட்டு மாதிரி. தினமும் காலையில் உட்கார்ந்து, அன்றைக்குக் குடிக்க வேண்டியதையெல்லாம் நேரத்தோடு டயரியில் வரிசையாக எழுதிவிடுவேன். என் தவறு அங்கேதான் நடந்தது. மத்தியானம் டயரியைப் புரட்டினால் 'பத்து மணி, பருப்புத் தண்ணீர்' என்று என் கையெழுத்தில் இருக்கும். சரி, குடித்தாயிற்று என்று மூடிவிடுவேன். எழுதியதைப் படித்துவிட்டு அதை நடந்ததாக எடுத்துக்கொள்வது என்னைப்போலக் குறிப்பு எழுதுகிறவனுக்குத்தான் வரும். பசி இருந்திருந்தால் திருத்தியிருக்கும். அதுதான் இல்லையே. மனைவி கேட்டால் டயரியைக் காட்டுவேன். அவளும் நம்பினாள்.

அடுத்த வாரம் அவள் மாவ்பிக்குப் போனாள். சித்தி வீட்டில் பதினாறாம் நாள் காரியம். போகாமல் இருக்க முடியாது. தம்பியைத் துணைக்கு வரச்சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிளாஸ்கில் கஞ்சித் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் போனாள்.

கரண்ட் இல்லாத பகல் அது. விசிறி நின்றுபோயிருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தும் அதைத் தாகம் என்று நினைக்கத் தோன்றவில்லை. வெயில் என்று நினைத்தேன். காற்றுக்காக பால்கனிக்கு எழுந்து போனபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது மணி அடித்தது.

அந்த நிலையிலும் என் முதல் எண்ணம் 'மறுபடி ஆரம்பித்துவிட்டான்' என்பதுதான். உட்கார்ந்தபடியே கயிற்றை இழுத்தேன். பாதி தூரம் வந்திருக்கும், கையில் பலமில்லை. கயிற்றைக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சாய்ந்துகொண்டேன். இரண்டாவது மாடி உயரத்தில், மேலேயும் வராமல் கீழேயும் போகாமல், அந்தப் பை தெருவே பார்க்கத் தொங்கிக்கொண்டிருந்தது. கீழேயிருந்து யாரோ கை தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் விடாமல் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். தவழ்ந்து போய்த் தாழ்ப்பாளை எடுத்தேன். வாசலில் பலாத்தாக் கடை பாய், மூச்சிரைக்க, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் உள்ளே வந்துவிட்டார். என்னைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்தார். பால்கனிக்குப் போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வடிகட்டின எலும்பு சூப், தெளிந்த தண்ணீர் மாதிரி, மேலே ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். இதை யார் அனுப்பியது என்று கேட்டேன்.

"யாரு அனுப்புவா? நான்தான். முன்னாடி அனுப்பினதும் நான்தான். என் மேல கோவம்னா வாயால சொல்லியிருக்கலாமே அண்ணே. நாலு தடவ பிரிக்காமலே இறக்கிட்டீங்க."

ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டுக்கொண்டே மீதியைச் சொன்னார். இருபது வருடமாக வருகிற ஆள் திடீரென்று கடை வாசலைத் தவிர்த்துப் பின் சந்தில் போவதைப் பார்த்திருக்கிறார். தன் கடையில் ஏதோ குறை என்று நினைத்திருக்கிறார். சமாதானம் செய்யத்தான் வழக்கமான பலகாரத்தை அனுப்பியிருக்கிறார். நான்காவது பையும் திரும்பி வந்ததும், உறவு முறிந்தது என்றே எடுத்துக்கொண்டாராம். "தெருக்கோடிக் கடைக்கு மாறிட்டீங்கன்னு நெனச்சேன். அவன் பலாத்தாவ நாய்க்குப் போட்டா நாய் நம்ம மொகத்தப் பாக்கும். அங்க போயி திங்கறாரேன்னு ரெண்டு நாள் எனக்குத் தூக்கமில்ல."

நான் மைத்துனனைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில், தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு மனிதர் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

டாக்ஸி பிடித்து அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். உடம்பில் நீர் வற்றிப்போயிருந்தது. சலைன் ஏற்றினார்கள். இன்னும் தாமதமாகியிருந்தால் சிறுநீரகம் கெட்டிருக்கும் என்று டாக்டர் சொன்னார். கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தீர்களே என்று பாயிடம் கேட்டதற்கு, "யாபாடே அண்ணே" என்றார். பரவாயில்லை என்பதற்கு நாங்கள் எல்லோரும் சொல்கிற பர்மியச் சொல்.

படுத்துக்கொண்டே யோசித்தேன். முதல் நான்கு பைகள் சரி. வடிகட்டின சூப்புதான் எனக்கு ஆகும் என்று இவருக்கு எப்படித் தெரிந்தது? ஆபரேஷன் நடந்ததே தெரியாதே. கேட்டேன். பாய் சலைன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உங்க வீட்டு மனுஷங்கதான் ஒருத்தர் கடைக்கு வந்து சொன்னாங்க. ஆபரேஷன் ஆயிருக்கு, எண்ணெய் மிதக்கக்கூடாது, மணி அடிச்சா கட்டாயம் எந்திரிச்சு வருவாருன்னு. பேரச் சொல்லக்கூடாதுன்னாங்க. சொல்லமாட்டேன்."

மனைவி வந்ததும் கேட்டேன். சத்தியமாகத் தான் இல்லை என்றாள். தீபாவளிக்கு மைத்துனன் வந்தான், நான் போய்க் கூப்பிட்டதால் வந்தான். கயிறு விஷயத்தில் நான் பேசியது தவறு என்று சொன்னேன். பிறகு சூப்பைப் பற்றிக் கேட்டேன். "நான் எதுக்குச் சொல்லப்போறேன்? கயித்துப் பக்கமே வரக்கூடாதுன்னு எனக்கு உத்தரவாச்சே" என்றான். என் பங்குக்கு இருந்த பலகாரத்தையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இப்போது எனக்கு உடம்பு பாதியாகிவிட்டது. பசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்திருக்கிறது, ஆனால் நேரம் தவறி வரும், சில நாள் வரவே வராது. பாய் தினமும் மத்தியானம் ஒருமுறை, மாலை ஒருமுறை கயிற்றை இழுக்கிறார். பெரும்பாலும் கிளிப்பில் ஒன்றும் இருக்காது. மணி அடிக்கும், நான் எழுந்து போய்க் குடிக்க வேண்டியதைக் குடித்துவிட்டு, கயிற்றை ஓர் ஆட்டு ஆட்டுவேன். டயரியில் குடித்த பிறகுதான் எழுதுகிறேன்.

அன்று கடைக்குப் போய்ச் சொன்னது யார் என்பது மட்டும் இதை எழுதுகிற இன்றுவரை உறுதிப்படவில்லை. எனக்கு ஓர் ஆள் மேல் சந்தேகம் உண்டு. அது உண்மையாக இருக்க வேண்டுமே என்று நான் ஆசைப்படுகிற சந்தேகம் என் வாழ்க்கையில் இது ஒன்றுதான்.