செங்கல் சுவருக்குச் செங்கல் நிறம்

மாதுங்காவில் நாங்கள் இருக்கும் கட்டடம் ஆங்கிலேயர் காலத்தது. மூன்று மாடியும் பூச்சில்லாத செங்கல். வெளிநாட்டுக்காரர்கள் கேமராவோடு வந்து அண்ணாந்து பார்ப்பார்கள். உள்ளே குடியிருப்பவர்களுக்கோ அது, பாதியில் பணம் தீர்ந்துபோன வீடு மாதிரி உறுத்தும். எனக்கு அந்தச் சுவரை ரொம்பப் பிடிக்கும்.

என் மனைவிதான் எங்கள் குடியிருப்போர் சொசைட்டிக்கு செக்ரெட்டரி. ஒரு நவராத்திரிக்கு முலுண்டிலிருந்து வந்த அவளுடைய தங்கை, வாசலில் நின்று மேலே பார்த்து, "அக்கா, வேலை இன்னும் முடியலையா?" என்று கேட்டுவிட்டாள். அன்றோடு என் மனைவியின் தூக்கம் போயிற்று.

மறு வருஷம் மழை ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கும்போதே கூட்டம் போட்டாள். பெயிண்ட் காண்ட்ராக்டர் கோவண்டியிலிருந்து வந்திருந்தார். திருநெல்வேலிக்காரர், வாய் நிறையப் பேச்சு.

"ஒரு சொட்டு தண்ணி உள்ள ஏறாது சார். மழ பெஞ்சா பெய்யட்டும்னு கால நீட்டிப் படுங்க. நான் கேரண்டி."

நான் எழுந்து, சுவர் இப்போதுதான் நாலு மாச மழையைக் குடித்திருக்கிறது, பொங்கல் வரைக்கும் காயட்டும், அப்புறம் யோசிக்கலாம் என்றேன்.

"பொங்கலுக்கா கொலு வைப்பா?" என்று பின்வரிசையில் யாரோ கேட்க, கூட்டமே சிரித்தது. என் மனைவியும்தான்.

"ஏன்னா, நீங்க செத்த சும்மா இருங்கோ. கொலு பாக்க வர்றவா வாசல்லயே மூஞ்சிய சுளிக்கறா" என்றாள். தீர்மானம் நிறைவேறியது.

என்ன நிறம் என்பதில்தான் சண்டை. ஒருவருக்கு மஞ்சள், ஒருவருக்கு ரோஸ். பழமை கெடக் கூடாது என்று கடைசியில் சமரசமாகச் செங்கல் நிறமே முடிவாயிற்று. அதாவது, செங்கல்லுக்கு மேல் செங்கல் நிறத்தைத் தடிமனாகப் பூசி, அதன் மேல் வெள்ளைக் கோடு போட்டுச் செங்கல் மாதிரி வரைந்தார்கள். அசல் செங்கல் ஒரு வரிசையில் முடியும் இடத்தில் வரைந்த செங்கல் பாதிதான் வந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு எங்கள் சேர்மன், "அச்சு அசல் செங்கல் மாதிரியே இருக்கு!" என்று பூரித்துப்போனார்.

எங்கள் வீட்டில் கொலுப்படி வைக்க மேற்குச் சுவர் ஒன்றுதான் தோது. அதற்கு வெளிப்பக்கம் இந்தப் புதுப் பெயிண்ட். பொம்மைகளில் என் மனைவிக்கு உயிர், சுடாத மண்ணில் செய்த செட்டியார் ஜோடி. கல்யாணமான வருஷம், உல்லாஸ்நகரில் ஒண்டுக் குடித்தனம் இருந்தபோது, நாங்கள் சேர்ந்து வாங்கிய முதல் பொருள். கூட்டமான லோக்கல் ரயிலில் மடியில் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்தாள். முறைப்படி செட்டியாருக்குக் கீழ்ப்படியில்தான் இடம். இவள் மேல்படியில், கலசத்துக்குப் பக்கத்தில், சுவரோடு சாய்த்து உட்கார வைப்பாள்.

கொலு வைத்த நாலைந்து நாளில் சுவரில் ஈரம் கோத்தது. காண்ட்ராக்டர் பொய் சொல்லவில்லை. வெளியிலிருந்து ஒரு சொட்டும் உள்ளே ஏறவில்லை. ஏற்கெனவே சுவருக்குள் இருந்த மழைக்குத்தான் வெளியே போக வழியில்லை. அது எங்கள் கூடத்துக்கு வந்தது.

"செட்டியாரையாவது எடுத்து வேற எடத்துல வையேன்" என்றேன்.

"வெச்ச கொலுவ விஜயதசமிக்கு முன்னாடி அசைக்கப்படாது. தெரியாதா உங்களுக்கு?"

தெரியும். அதனால் சுவர் கசியக் கசிய, வந்தவர்கள் பாடினார்கள், சுண்டல் சாப்பிட்டார்கள், பில்டிங் ஜோராக இருக்கிறது என்றார்கள். முலுண்ட் தங்கை, "இப்பதான் வீடு மாதிரி இருக்கு" என்றாள். என் மனைவி சிரித்துக்கொண்டே வெற்றிலை பாக்கு கொடுத்தாள். கண் மட்டும் மேல்படிக்குப் போய்ப்போய் வந்தது.

கொலுவைக் கலைக்கும்போது செட்டியாரின் மீசை நெகிழ்ந்து விழுந்து படித்துணியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. செட்டியாரம்மாவுக்கு மூக்கும் கண்ணும் குழைந்து வழிந்திருந்தன. இருவரையும் மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி வெகுநேரம் அழுதாள். நான் சொன்னது பலித்ததில் எனக்குத் துளியும் சந்தோஷம் இல்லை.

அடுத்த கூட்டத்தில் சேர்மன், இதற்கு மேல் இன்னும் உசத்தியான கோட்டிங் ஒன்று அடிக்கலாம் என்றார். பலரும் தலையாட்டினார்கள். பிறகு அவருடைய புது வார்ட்ரோபிலும் பூஞ்சை பிடித்தது. ஒரே வாரத்தில் பெயிண்ட்டைச் சுரண்ட ஆள் வந்தாயிற்று. பல இடங்களில் பெயிண்ட்டோடு செங்கல்லின் தோலும் உரிந்துகொண்டு வந்தது. அது திரும்ப வராது. இப்போதும் கேமராக்காரர்கள் வருகிறார்கள். சொறி பிடித்த இடங்களைக் கிட்டப்போய்ப் படமெடுத்து, நூறு வருஷத்துப் பழமை என்று பரவசப்படுகிறார்கள். எங்கள் ஆட்கள் யாரும் மறுப்பதில்லை.

அடுத்த நவராத்திரிக்கும் செட்டியார் ஜோடி அதே மேல்படியில், அதே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தது. முலுண்ட் தங்கை பதறிப்போனாள்.

"என்னக்கா இது, ரெண்டு பேருக்கும் மூஞ்சியே இல்ல! யார்ட்டயாவது குடுத்து நன்னா பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கப்படாதோ?"

என் மனைவி கையை நீட்டிப் பின்னாலிருந்த சுவரைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

"பெயிண்ட்டா?" என்றாள். "ஒண்ணும் வேண்டாம்டி. இவா இப்படியே இருக்கட்டும்."