வேலிக்கு வெளியே மூன்று பயிற்றுவிப்பாளர்கள்

மாகாண மட்டக் கூடைப்பந்துப் போட்டியின் அரையிறுதியில் எங்கள் மகளிர் கல்லூரி தோற்ற அன்று, திருகோணமலையிலிருந்து கல்முனைக்குத் திரும்பிய வான் வண்டியில், தோல்விக்கு யார் காரணம் என்பதைத் தாய்மார் மூன்று பேரும் ஊர் ஊராகக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தோம். வாகரையைத் தாண்டும்வரை நடுவர்தான் குற்றவாளி. மட்டக்களப்பில் பிளேன்டீ குடிக்க இறங்கியபோது பழி திருகோணமலைக் கோர்ட்டின் வழுக்குத் தரைமேல் விழுந்திருந்தது. களுவாஞ்சிக்குடியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு பயிற்றுவிப்பாளர் மிஸ்ஸிடம் வந்து சேர்ந்தோம். மிஸ் முன் இருக்கையில் இயர்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பின்னால், தோற்றுப்போன பிள்ளைகள் மாங்காய் அச்சாறு தின்றபடி பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அழவேண்டியவர்கள் பாடுகிறார்களே என்று எனக்கு அவர்கள்மேலும் ஆத்திரம் வந்தது.

நாங்கள் மூவரும் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒருவர் பார்மசி ராத்தா; அக்காவை நாங்கள் ராத்தா என்போம். கணவர் மருந்துக்கடை வைத்திருப்பதால் அந்தப் பெயர். மருந்தைப் போலவே அவருடைய பேச்சும் கசக்கும், ஆனால் வேலை செய்யும் என்று அவரே சொல்லிக்கொள்வார். மற்றவர் மருதமுனையிலிருந்து வருகிற ராத்தா. அவருடைய மகள்தான் அணியிலேயே உயரமான பிள்ளை. ராத்தா அதிகம் கதைக்கமாட்டார். அணியின் எல்லாக் குறைகளுக்கும் அவரிடம் ஒரே விளக்கம்தான் இருந்தது. "புள்ளைகள் சாப்பிடுறல்ல. மெலிஞ்சிபோய்த்துகள்." மூன்றாவது ஆள் நான். பிரதேச செயலகத்தில் உத்தியோகம். என் மகள் அணியில் பந்தைக் கொண்டுபோய் மற்றவர்களுக்குக் கொடுக்கிற இடத்தில் விளையாடினாள்.

எனக்குக் கூடைப்பந்து தெரிந்துதான் போனேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். மகள் ஒன்பதாம் வகுப்பில் அணியில் சேர்ந்தபோது, பின்னேரப் பயிற்சிக்குத் தனியே விட மனமில்லாமல் காவலுக்குப் போனேன். கோர்ட்டைச் சுற்றிக் கம்பி வேலி, வேலிக்கு வெளியே ஒரு வேப்பமரம், அதற்குக் கீழே மூன்று பிளாஸ்டிக் கதிரைகள். முதல் போட்டியில், பந்து உள்ளே போனால் ஒரு புள்ளி என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். பலகையில் இரண்டு ஏறியதும் எழுந்து நின்று, "இது கள்ளக் கணக்கு" என்று கத்தினேன். அந்த இரண்டும் எங்கள் கல்லூரிக்குக் கிடைத்தவை. மகள் மைதானத்தின் நடுவில் நின்று என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது.

அதன்பிறகு படிக்கத் தொடங்கினேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அடுப்படியை ஒதுக்கிவிட்டு யூடியூப்பில் அமெரிக்கக் கோச்மாரின் விளக்கங்களைப் பார்த்தேன். அவர்கள் சொன்னதில் பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதியை அடுத்த நாள் வேலிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு என் சொந்தக் கருத்தாகச் சொன்னேன். "ஸோன் டிஃபென்ஸ் எடுக்கவேணும் ராத்தா, அதான் எங்கட பிரச்சினை" என்பேன். பார்மசி ராத்தா தலையாட்டுவார். அவருக்கும் அது என்னவென்று தெரியாது என்பது எனக்குத் தெரியும். எனக்கே சரியாகத் தெரியாது என்பதை அவர் கண்டுபிடிக்கவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

வீட்டிலும் இதே கதைதான். என் கணவர் சம்மாந்துறைப் பக்கம் வயல் செய்கிறவர். ஒரு நாள் நான் சோற்றைப் போட்டுக்கொண்டே ரிபவுண்டைப் பற்றி விளக்கியபோது அவர் கையைக் கழுவிவிட்டுக் கேட்டார்:

"இந்த மாரிக்கு வெள்ளாம எப்படி இரிக்கிண்டு ஒரு நாளாவது கேட்டியா?"

"எப்படி இரிக்கி?"

"தண்ணி காணாது. ஆனா ஒங்கட டீமை விட நல்லாத்தான் இரிக்கி."

திருகோணமலைத் தோல்விக்குப் பிறகு எங்கள் முழு நேர வேலை அடுத்த பருவத்தை மதிப்பிடுவதாகிவிட்டது. உயர்தரப் பரீட்சை எழுதப்போகிற பெரிய பிள்ளைகள் மூன்று பேர் விலகுகிறார்கள். மீதிப் பேரை வைத்து என்ன செய்வது? நடுநிலையாக யோசிக்கவேண்டும் என்பதில் மூவரும் உறுதியாக இருந்தோம். நடுநிலையாக யோசித்துப் பார்த்ததில், பார்மசி ராத்தாவுக்கு அவருடைய மகள்தான் அடுத்த தலைவி என்று பட்டது. நானும் எந்தப் பக்கமும் சாயாமல்தான் யோசித்தேன். என் மகள் பந்தை மற்றவர்களுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டுத் தானே கூடைக்குள் எறியவேண்டும், அப்போதுதான் அணிக்கு எதிர்காலம் உண்டு என்ற முடிவுக்கு வந்தேன். மருதமுனை ராத்தா மட்டும், போட்டிக்கு முன் முட்டை கொடுத்தால் போதும் என்றார்.

"இத மிஸ்ஸிட்ட சொல்லத்தான் வேணும்கா" என்றார் பார்மசி ராத்தா. "நமக்குள்ளயே வச்சிக்கிட்டிருந்தா யாருக்குப் பிரயோசனம்?"

"ஆரு சொல்லுற?"

"நீதான். ஒபீஸ்ல கூட்டத்துல எல்லாம் கதைக்கிற ஆள்தானே."

என்னைப் புகழ்ந்து ஏமாற்றுவது மிகவும் சுலபம். அன்றிரவு கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பழகினேன்.

மிஸ் பாண்டிருப்பிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவர். எங்களைவிட வயது குறைவு. பள்ளிக்கூட நாட்களில் மாவட்டத்துக்கு விளையாடியவர் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது ஒரு பெரிய தகுதியாக அன்று எனக்குத் தோன்றவில்லை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மூவரும் போய் அவர்முன் நின்றோம். நான் ஸோன் டிஃபென்ஸில் தொடங்கி, பிள்ளைகளுக்கு மனத்துணிவு போதாது என்பதைத் தொட்டு, எறியவேண்டிய நேரத்தில் எறியாமல் பந்தைத் தள்ளிவிடுகிற கெட்ட பழக்கத்தில் வந்து முடித்தேன். விசிலைக் கையில் உருட்டியபடி மிஸ் முழுவதையும் கேட்டார்.

"வான்ல வரக்குள்ளயும் இதத்தான் சொன்னீங்க அக்கா. களுவாஞ்சிக்குடியில."

"நீங்க பாட்டெல்லோ கேட்டுக்கொண்டிருந்தீங்க?"

"சார்ஜ் முடிஞ்சிட்டு. சும்மாதான் மாட்டிக்கிட்டு இருந்தன்."

பார்மசி ராத்தா மெதுவாக என் பின்னால் ஒதுங்கினார். மிஸ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"ஒண்டு செய்வம்" என்றார். "வாற சனிக்கிழமை சின்ன வகுப்புப் பிள்ளைகளோட நீங்க மூண்டு பேரும் கொஞ்ச நேரம் விளையாடுங்க. எங்கட பெரிய பிள்ளைகள் ரெண்டு பேரை உங்கட பக்கம் தாறன். விளையாடிப்போட்டு இதையே திருப்பிச் சொல்லுங்க. நான் அப்படியே செய்யிறன்."

மறுக்க ஒரு நல்ல காரணம் யோசித்தேன். அதற்குள் பின்னாலிருந்து மருதமுனை ராத்தாவின் குரல் கேட்டது.

"ஓம் மிஸ், வாறம்."

அந்த ஆண்டில் அதுவரை அவர் சாப்பாட்டைத் தவிர வேறெதையாவது பற்றிச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

சனிக்கிழமை கேற்றைச் சாத்தி, காவலாளியை வீதிப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். அபாயாவோடுதான் இறங்கினோம். மகளின் சப்பாத்தைப் போட்டிருந்தேன். அது ஒரு அளவு சிறியது. எதிர் அணி ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். அவர்களுடைய தலை எங்கள் தோளுக்கும் எட்டாது. பாவம் பிள்ளைகள், அழவைத்துவிடக்கூடாது என்று நான் மற்ற இருவரிடமும் இரகசியமாகச் சொல்லி வைத்தேன். நடுவர் என் மகள். மிஸ்ஸின் விசில் அவள் கழுத்தில் தொங்கியது.

முதல் பந்து எனக்குத்தான் வந்தது. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூடையை நோக்கி ஓடினேன். விசில் ஊதியது.

"உம்மா, பந்தத் தட்டாம நடந்திட்டீங்க."

"நடக்கல்ல மகள், ஓடித்தானே வந்தன்."

வேலிக்கு வெளியே, எங்கள் கதிரைகளில் இப்போது பெரிய வகுப்புப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் சிரித்த சிரிப்பு கடற்கரைவரை கேட்டிருக்கும்.

அடுத்ததாக விசில் பார்மசி ராத்தாவுக்கு. ஓடிவந்த ஒரு சின்னப் பிள்ளையைத் தோளில் பிடித்து நிறுத்தி, "மெல்லப் போகா, விழுந்துருவாய்" என்று புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். அது ஃபவுல் என்று என் மகள் சொன்னதும், "புள்ள விழுந்தா நீயா பொறுப்பு?" என்று சண்டைக்கு வந்தார். மருதமுனை ராத்தாவின் கையில் பந்து கிடைத்தபோது, எதிர் அணியின் மிகச் சின்னப் பிள்ளை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னால் குதித்தது. ராத்தா பந்தை அதன் கையில் கொடுத்துவிட்டார். அது ஓடிப்போய்ப் போட்டுவிட்டது.

"ஏன் ராத்தா குடுத்தீங்க?" என்று கத்தினேன்.

"கேட்டிச்சே. சின்னப் புள்ளதானே."

கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கத் தொடங்கியது. கடற்காற்று முகத்தில் அடித்தும் வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. ஸோன் டிஃபென்ஸ் என்ற எண்ணமே என் தலையில் இல்லை. தண்ணீர்தான் இருந்தது. அந்த நேரத்தில்தான் எங்கள் பக்கத்துப் பெரிய பிள்ளை ஒருத்தி பந்தை எனக்குத் தள்ளினாள். நான் கூடைக்கு நேர் கீழே நின்றேன். சுற்றிவர ஒருவரும் இல்லை. எறிந்தால் போதும்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மிஸ், வேலிக்கு வெளியே இருந்த பிள்ளைகள், விசிலைக் கடித்தபடி என் மகள், எல்லோரும். அந்தக் கூடை வேலிக்கு வெளியே இருந்து பார்க்கும்போது ஒரு அண்டாவளவு இருக்கும். கீழே நின்று பார்த்தால் கோப்பை அளவுதான். விழாமல் போனால் என்ன ஆகும் என்று ஒரு யோசனை வந்தது. அவ்வளவுதான். பந்து சுட்டதுபோல அதைப் பார்மசி ராத்தாவிடம் எறிந்துவிட்டேன். அவர் அந்த நேரம் முக்காட்டின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பந்து அவர் வயிற்றில் பட்டு வெளியே உருண்டது.

சின்னப் பிள்ளைகள் வென்றார்கள். எத்தனை புள்ளிக்கு என்று நான் கேட்கவில்லை; நாங்கள் எடுத்ததெல்லாம் எங்களுக்குத் தந்த அந்த இரண்டு பெரிய பிள்ளைகள் போட்டது. மிஸ் தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்தில் வந்து இருந்தார்.

"இப்ப சொல்லுங்க அக்கா. எறியவேண்டிய நேரத்தில எறியாம விடுறதப் பத்தி என்னவோ சொன்னீங்க."

"தண்ணியத் தாங்க மிஸ்" என்றேன்.

வீட்டுக்குப் போகும்போது மகள் ஸ்கூட்டியில் என் பின்னால் இருந்தாள். சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோயிருந்தாள். சந்தைச் சந்தியில் வாகனம் நெரிந்து நின்றபோது, தோளில் நாடியை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஏன் உம்மா எறியல்ல?"

"பயந்திட்டன் மகள்."

"எனக்கும் அப்படித்தான் உம்மா. பாக்கிற ஆக்கள் இல்லாட்டி நல்லா எறிவன்."

பார்க்கிற ஆட்களில் யார் சத்தமாகக் கத்துகிறவர் என்று அவள் சொல்லவில்லை. பின்னால் நின்ற ஓட்டோ ஹோர்ன் அடித்தது.

நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். இரண்டு கிழமை வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாவது கிழமை, "கீழ நிண்டு பாத்தாத்தான் தெரியும் ராத்தா, கூடை எவ்வளவு சின்னம் எண்டு" என்று, விளையாடிய அனுபவமுள்ள ஆளாகக் கதைக்கத் தொடங்கிவிட்டேன். ஆனால் "எறி மகள், எறி" என்று கத்துவதை மட்டும் விட்டேன். கத்த வேண்டும்போல் வந்தால் மருதமுனை ராத்தா கொண்டுவருகிற அவித்த கடலையை வாய்க்குள் போட்டுக்கொள்வேன். அந்தப் பருவத்தில் எனக்கு நிறை கூடியதற்கு அதுதான் காரணம்.

அடுத்த பருவத்துக்கான எங்கள் கணிப்பு இது: பார்மசி ராத்தா மாகாணக் கிண்ணம் எங்களுக்குத்தான் என்றார். நான் நிதானமான ஆள் என்பதால் இறுதிப் போட்டிவரை மட்டும் போவோம் என்றேன். அணி மாவட்ட மட்டத்திலேயே வெளியேறியது. அம்பாறையில் நடந்த அந்தப் போட்டியில் கடைசி விநாடிகளில் நாங்கள் ஒரு புள்ளி பின்னால். பந்து என் மகளின் கையில். அவளுக்கு முன்னால் ஆளில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வளையத்தில் பந்து படும் சத்தம் கேட்டது, பிறகு மற்றப் பக்கத்துத் தாய்மாரின் ஆரவாரம்.

கண்ணைத் திறந்தபோது மிஸ் அவளுடைய தலையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அவள் நேராக என்னிடம் வந்தாள். முகம் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை.

"எறிஞ்சன் உம்மா."

முழங்கை, முழங்கால், பந்தின் சுழற்சி என்று சொல்வதற்கு என்னிடம் எவ்வளவோ இருந்தது.

"ஓம் மகள், பாத்தன். அச்சா எறி" என்றேன்.

பார்மசி ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கண்ணை மூடியிருந்ததை அவர் கண்டிருந்தார். அன்று மட்டும் அதைச் சொல்லிக்காட்டாமல், தண்ணீர்ப் போத்தலை என் மகளிடம் நீட்டினார்.

இப்போது மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். பரீட்சை முடியும்வரை பயிற்சி வேண்டாம் என்று அவளே முடிவெடுத்தாள். போன செவ்வாய்க்கிழமை அஸர் தொழுதுவிட்டு நான் ஸ்கூட்டியை வெளியே எடுத்தபோது, வயலிலிருந்து வந்த கணவர் வாசலில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"மகள் உள்ள படிச்சிக்கிட்டு இரிக்காள். நீ எங்க போறாய்?"

"எட்டாம் வகுப்பில புதுசா ஒரு புள்ள வந்திரிக்கி" என்றேன். "இடக்கையால எறியிறாள். இன்னும் ரெண்டு வருசம் விட்டுப் பாருங்க, மாகாணம் எங்களுக்குத்தான்."

அவர் சிரித்துக்கொண்டே கேற்றைத் திறந்துவிட்டார். மருதமுனை ராத்தா அதற்குள் போய்க் கதிரை பிடித்திருப்பார் என்ற அவசரத்தில் நான் ஹெல்மெட்டைப் போட மறந்துவிட்டேன். திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனேன்.