சலூன்காரர் களையெடுக்கிறார்

“தலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ங்க,” என்கிறார் எங்கள் பக்கத்து வீட்டு சலூன்காரர். அவர் முன்னால் இருப்பது தக்காளிச் செடி. சொன்னதோடு நிற்காமல் அதன் தலையை இரண்டு விரலால் மெல்லச் சாய்த்து, பின்பக்கம் காய்ந்து தொங்கும் இலைகளைக் கத்தரிக்கோலால் நறுக்குகிறார். பிறகு பின்னால் தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கிறார். காதுக்கு மேலே சீப்பு செருகியிருக்கிறது. தோட்டத்தில் சீப்புக்கு என்ன வேலை என்று மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். “அது இல்லேன்னா கை ஓடாது சார்,” என்றார்.

தெருமுனையில் இருக்கும் அவருடைய கடை சின்னது. இரண்டு சுழல் நாற்காலி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, ஓரங்களில் ரசம் போன நிலைக்கண்ணாடி. ஆனால் அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. “நான் வெட்டின தலை எத்தனை தலைக்கு நடுவுல இருந்தாலும் தனியாத் தெரியும்” என்பார். கூட்டம் எதுவானாலும் கடைசி வரிசையில்தான் உட்காருவார். அங்கிருந்தால்தான் எல்லாருடைய பிடரியும் தெரியும். “அது நம்ம கை. அதுவும் நம்ம கை. அந்தக் கோடு போட்ட சட்டை நம்ம கை இல்ல, பாவம்” என்று பக்கத்தில் இருப்பவரிடம் கணக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். மேடையில் என்ன நடந்தது என்பதை வீட்டுக்கு வந்தபிறகு மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். என் தலையில் வெட்டுவதற்கு இப்போது அதிகம் மிச்சமில்லை. ஆனாலும் காதோரம் இருக்கும் நாலு முடிக்கு அவர் காட்டும் மரியாதையை என் வீட்டில் எனக்கே யாரும் காட்டியதில்லை.

அப்படிப்பட்டவர் இந்த வெயில் காலம் முழுக்கக் கடையைத் திறக்கவில்லை. கண்ணில் புரை. ஒரு கண்ணில் ஆபரேஷன், அது நன்றாக ஆறுவதற்குள் மறு கண்ணில். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, தூசியில் நிற்கக் கூடாது என்றார் டாக்டர். சலூன்காரரின் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். டாக்டர் போட்டது போதாதென்று தன் பங்குக்கும் நாலு சட்டம் போட்டார். “டாக்டர்கூடப் பரவாயில்ல சார், இவங்களைக் கேக்காம கண்ணை மூடித் திறக்க முடியல,” என்று கறுப்புக் கண்ணாடியும் சோர்ந்த முகமுமாக வாசலில் உட்கார்ந்திருப்பார்.

வீட்டுக்குப் பின்னால் அவர் பார்த்துப் பார்த்து வளர்த்த தோட்டம் கேட்பாரற்றுப் போயிற்று. மனைவி வேலை முடிந்து வந்து தண்ணீர் மட்டும் ஊற்றினார். “நான் ஊத்தினதை எல்லாம் களைதான் குடிச்சுது,” என்று அவரே ஒப்புக்கொள்கிறார். வெயில் தணியத் தொடங்கியபோது பூசணிக்கொடி மதிலேறி என் பக்கம் குதித்திருந்தது. முள்ளங்கி முற்றிப் பூத்து விதைக்கு நின்றது. கத்தரிச் செடியைக் கோரைப்புல்லுக்குள் தேட வேண்டியிருந்தது. ஊரார் தலையில் ஒரு முடி துருத்திக்கொண்டு நின்றால் பொறுக்காத மனிதரின் தோட்டம், மாதக்கணக்கில் எண்ணெய் காணாத தலை மாதிரி கிடந்தது. போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்த்துக் கேலி செய்தார்கள். நானும் செய்தேன்.

இனிமேல் குனியலாம் என்று டாக்டர் சொன்ன மறுநாளே இறங்கிவிட்டார், கத்தரிக்கோலோடு. அன்று அவர் செய்த காரியத்தை வேறு தொழில்காரர் யாரும் செய்திருக்க மாட்டார். கோரையை அவர் பிடுங்கவில்லை, வெட்டினார். பாத்தி பாத்தியாக உட்கார்ந்து, சீப்பால் நிமிர்த்தி நிமிர்த்தி, ஒரே உயரத்துக்கு ஒட்ட வெட்டினார். சாயங்காலம் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. வாரம் முடிவதற்குள் கோரை முன்னைவிடச் செழிப்பாக எழுந்து நின்றது.

மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். “உங்க தொழில்ல வெட்டினது மறுபடி வளரணும். இங்க வளரக் கூடாதுங்க.”

“அடியோட பிடுங்க மனசு வரல. எந்தத் தலையிலயும் நான் அப்படிச் செஞ்சதில்ல.”

“நான் தினமும் என் முடியப் பிச்சுக்கறேனே, அதைப் பாத்துக் கத்துக்கங்க.”

அதற்குப் பிறகு பிடுங்கத் தொடங்கினார். கோரை போயிற்று. முற்றிய முள்ளங்கி போயிற்று. பூசணிக்கொடியை என் பக்கத்திலிருந்து மரியாதையாகத் திருப்பி அழைத்துக்கொண்டார். காலியான பாத்தியைக் கொத்திக் கொத்தமல்லி விதைத்தார்.

சிரிக்கச் சிரிக்கப் பேசினாலும் உள்ளுக்குள் அவருக்கு ஒரு கிலி இருந்தது. பஸ் நிறுத்தத்தில் ஒருவன் சொல்லியிருக்கிறான்: “கண் ஆபரேஷன் பண்ணின ஆள்கிட்ட முடி வேணா வெட்டிக்கலாம். கழுத்துல கத்தி வைக்க விடுவியா?” பக்கத்தில் நின்ற இவர் காதிலும் அது விழுந்தது. வாய்ச் சண்டையில் யாருக்கும் சளைக்காதவர், பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார். என்னிடம் மட்டும் சொன்னார்: “அவன் சொன்னதுல தப்பில்ல சார். முடியில தப்புப் பண்ணா வளந்துடும். சவரத்துல தப்புப் பண்ணா என்ன சொல்லி நிப்பேன்? முதல்ல எனக்கு நம்பிக்கை வரணும். வரலேன்னா கடையை வேற யார் கையிலயாவது கொடுத்துட வேண்டியதுதான்.” அவர் அப்படித் தணிந்த குரலில் பேசி நான் கேட்டதில்லை. எனக்குச் சங்கடமாக இருந்தது.

நம்பிக்கையை அவர் கொத்தமல்லிப் பாத்தியில் தேடினார். கொத்தமல்லி முளைத்தபோது கூடவே ஒரு களையும் முளைத்தது. இலை கிட்டத்தட்ட அதே சாயல். காலையில் வெயில் ஏறுமுன் முக்காலி போட்டு உட்கார்ந்து, கொத்தமல்லி அசையாமல் களையை மட்டும் இரண்டு விரலால் எடுத்து, விரித்த செய்தித்தாளில் போடுவார். முடிந்ததும் மனைவி வந்து அந்தக் குவியலை அள்ளி மூக்கருகே கொண்டுபோவார். கொத்தமல்லி வாசனை வந்தால் கண் தப்புச் செய்திருக்கிறது என்று அர்த்தம். இது இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்ட பரீட்சை.

முதல் நாள், “மணக்குது,” என்றார் மனைவி. வேறு யாராவது மனம் இளகி மாற்றிச் சொல்லியிருப்பார்கள். மருந்துக்கடைக்காரம்மாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. சலூன்காரர் எழுந்து உள்ளே போனவர் அன்று முழுக்கத் தோட்டத்துப் பக்கம் வரவில்லை. அடுத்த நாளும் மணத்தது. பிறகு ஒருநாள், “லேசா,” என்றார்.

“லேசான்னா?”

“லேசான்னா லேசா. போய்ச் சொட்டு மருந்து விட்டுக்கங்க.”

போன வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் குவியலை முகர்ந்தார். கிளறிவிட்டு இன்னொரு தரம் முகர்ந்தார். பிறகு மதில் மேலாக என்னிடம் நீட்டினார். “சார், உங்களுக்கு ஏதாவது தெரியுதா?” நானும் முகர்ந்தேன். ஈர மண் வாசனை, பச்சைப் புல் வாசனை, வேறொன்றும் இல்லை. இல்லை என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். ஏதோ என் வீட்டுப் பிள்ளை பரீட்சையில் தேறிய மாதிரி அத்தனை பெருமை எனக்கு.

சலூன்காரர் மண் படிந்த கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். தக்காளி கொம்பைப் பிடித்து நிமிர்ந்து நின்றது. கத்தரி புதிதாகத் துளிர்த்திருந்தது. பாத்திகளின் ஓரங்கள் கிருதா எடுத்ததுபோல நேராக ஓடின. “நம்ம கை,” என்றார், எங்கள் இருவரையும் பார்க்காமல். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“சார், மூஞ்சியக் கழுவிட்டு வாங்க.”

மறுக்க ஆயிரம் காரணம் இருந்தது. ஆனாலும் முகத்தைக் கழுவிக்கொண்டு அவர் தோட்டத்துக்குப் போய்விட்டேன். கொத்தமல்லிப் பாத்திக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். கழுத்தில் துண்டு சுற்றினார். நுரை போட்டார். மனைவி அவசரமாக உள்ளே போய், ஒரு கையில் மருந்துப் புட்டியும் மறு கையில் பஞ்சுமாக வந்து நின்றார். கத்தி கன்னத்தில் இறங்கியது. தாடையைத் தாண்டியது. தொண்டைக்கு வந்தபோது நான் எச்சில் விழுங்கவில்லை. அந்த அம்மாள் பஞ்சை நீட்டியபடி ஓரடி முன்னால் வந்தார். சலூன்காரர் மட்டும் பூசணிப் பிஞ்சைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். பேச்சு நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை.

கத்தியை மடக்கினார். விரலின் பின்பக்கத்தால் என் கழுத்தைக் கீழிருந்து மேலாக ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு மனைவி நீட்டிக்கொண்டிருந்த பஞ்சை வாங்கி, தன் மூக்குக்கண்ணாடியில் தெறித்திருந்த சோப்பு நுரையைத் துடைத்துவிட்டு, அதை வெள்ளையாகவே அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.