வேர் தூக்கிய மூலை

மகளுக்கு வாங்கிய புதுப் பந்து டின்னைத் திறந்தேன்; அந்த ரப்பர் வாசனை என்னை நான் வளர்ந்த நியாலாஸ் ரப்பர் தோட்டத்து டென்னிஸ் திடலுக்கே கொண்டுபோய்விட்டது. அப்பா ஆடும் பக்கத்து மூலையில் மரத்து வேர் சிமெண்டைத் தூக்கிவிட்டிருந்தது. அங்கே விழும் பந்து கோணலாகத் துள்ளும் என்பதால், அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மாலைதோறும் அங்கேயே அடிப்பாள், அப்பாவின் சப்பாத்து சரக் சரக்கென்று தேயும். அவருக்கு முட்டி போனபிறகு, பந்தை அவர் கைக்கே அனுப்பத் தொடங்கினாள்.

"பாவம் பாத்து ஆடாத லா. வேர் பக்கமே அடி," என்றார் அப்பா.

அடித்தாள். அப்பா ஓடவில்லை, அவள் மட்டையை ஓங்கும்போதே அங்கே போய் நின்றிருந்தார்.

திடல் இப்போது எண்ணெய்க்காக நட்ட செம்பனைக்காடு. எனக்கும் முட்டி வலிக்கிறது. வேலைக்கும் வீட்டுக்குமாக நாள் முழுக்க ஓடுகிறேன். எங்கே முன்கூட்டிப் போய் நிற்பது என்றுதான் தெரியவில்லை.